கோணிக்காரச் சந்தின் மூன்றாம் தண்ணீர்

பட்டணம் பார்க்கப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும், அதற்கு ஒரு கை கொடுத்துவிடக் கூடாது என்று உடன்குடிக்குத் தெற்கே இப்போது ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அண்டா இறக்குகிற இரண்டு பெண்பிள்ளைகளால் வந்தது. ஒருத்தி மரியபுஷ்பம், சமையல்காரி. இன்னொருத்தி வடிவு, அவளுக்கு உதவியாள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே அடுப்பு, ஒரே புகை, ஒரே தும்மல். சோறு வெந்து அண்டாவை இறக்குகிற நேரத்தில் ஒருத்தி 'ஏளா' என்று வாய் திறக்கும் முன்னாலேயே மற்றவள் கை கந்தல் துணியோடு அந்தப் பக்கத்து வளையத்தில் இருக்கும். கோயில் கொடையானாலும் சரி, சர்ச் அசன விருந்தானாலும் சரி, யாராவது எதையாவது தூக்கக் குனிந்தால் இவர்கள் இரண்டு பேர் கையும் கேட்காமலே முன்னால் போய்விடும், அப்படிப்பட்ட கைகள்.

மே மாதம் பள்ளிக்கூடம் லீவு. புஷ்பத்துக்கு வெகுநாளாய் ஒரு ஆசை, சாவதற்குள் மெட்ராசை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று. தனியாகப் போகப் பயம். வடிவைக் கூப்பிட்டால் வடிவுக்கு மகள் கோமதி நிறைமாசமாக வீட்டில் இருக்கிறாள், புருஷன் செத்துப் பதினாலு வருஷம், மருமகன் துபாயில், எப்படி வர முடியும்? புஷ்பம் விட்டாளா? டாக்டர் இன்னும் பதினைந்து நாள் தவணை சொல்லியிருக்கிறாள், நாம் போய் நாலு நாளில் வந்துவிடலாம் என்று கோமதி முன்னால் உட்கார்ந்து பேசிப் பேசிக் கரைத்து, கடைசியில் அவள் வயிற்றின் மேல் கையை வைத்து, உங்க அம்மையைக் கூட்டிட்டுப் போற நானே கொண்டுவந்து சேப்பேன், மாதா மேல சத்தியம் என்று சொல்லிவிட்டாள். சத்தியம் பண்ணுவது சுலபம், வாய்தானே.

திங்கட்கிழமை காலையில் எழும்பூரில் இறங்கினார்கள். திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜில் பையைப் போட்டார்கள். அன்றைக்கே மியூசியம் என்கிற செத்த காலேஜையும் பார்த்தார்கள், கடற்கரையையும் பார்த்தார்கள், பூமிக்குள் ஓடுகிற ரயிலிலும் ஏறி இறங்கினார்கள். நகரும் படிக்கட்டில் கால் வைக்க வடிவு காமணி நேரம் யோசித்ததும், பின்னால் வந்தவர்கள் எல்லாம் சலித்துக்கொண்டு சுற்றிப் போனதும், கடைசியில் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு கண்ணை மூடி ஏறியதும் தனிக் கதை, அதைச் சொன்னால் பொழுது போய்விடும். செவ்வாய்க்கிழமை துறைமுகத்தில் கப்பல் பார்க்கப் போனார்கள். வாசலில் நின்ற காவல்காரன் உள்ளே விடவில்லை. அக்கினி நட்சத்திரத்து வெயில், மண்டை பிளக்கிறது, தொண்டை ஒட்டிப்போய்விட்டது, ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை, நிழல் எங்கே தெரிகிறதோ அங்கே திரும்பு என்று திரும்பித் திரும்பி அவர்கள் வந்து நுழைந்த இடம்தான் கோணிக்காரச் சந்து.

சந்து முழுக்கக் குடம். நீலமும் பச்சையும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் குடங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. பட்டணத்தில் தண்ணீர் லாரி வருகிற தெருக்களில் ஆள் நிற்காது, குடம்தான் நிற்கும். குடம் நின்றால் ஆள் நிற்பதாகக் கணக்கு, அது எல்லா ஊருக்கும் பொது வழக்கம்தான். லாரி வந்து நின்று குழாயைத் திறந்துவிட்டிருந்தார்கள். வரிசை நகர நகர ஒவ்வொருத்தியும் தன் குடத்தை நகர்த்திக்கொண்டே வந்தாள். நடுவில் வாய் உடைந்த ஒரு நீலக்குடம் மட்டும் ஆளில்லாமல் நின்றது. பின்னால் நின்றவள் அதைக் கையால் தொடவில்லை, காலால் தள்ளிக்கொண்டு வந்தாள்; தள்ளும்போதுகூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தள்ளினாள்.

வடிவுக்கு அது பொறுக்கவில்லை. குடிக்கிற தண்ணீர் எடுக்கிற குடம், அதைக் காலால் தள்ளுகிறாளே. "ஆரு குடம்ளா இது, நாதியத்து நிக்கி" என்று சொல்லிக்கொண்டே போனாள், குனிந்தாள், இரண்டு கையாலும் தூக்கி ஒரு முழம் முன்னால் வைத்தாள். வேறொன்றும் செய்யவில்லை.

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காலால் தள்ளிக்கொண்டு வந்தவள் ஒரு பெருமூச்சு விட்டு, "இன்னா அஞ்சல, வந்துட்டியா? நாலு மாசமா உன் குடத்தத் தள்ளித் தள்ளி என் கட்ட விரலே தேஞ்சிபூட்ச்சி" என்றாள். வடிவு சிரிப்பாள், ஆள் மாறிப்போச்சு தாயி என்பாள் என்று புஷ்பம் நினைத்தாள். வடிவு சிரிக்கவில்லை. குடத்தைக் குழாயடியில் வைத்து, நிரம்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்று, இடுப்பில் ஏற்றி, மூன்றாவது வீட்டுப் பச்சைக் கதவின் முன்னால் போய், தாழ்ப்பாளை மேலே நெம்பி, கதவின் அடியில் முழங்காலால் ஒரு இடி இடித்துத் திறந்தாள். அந்தக் கதவு அப்படி இடித்தால்தான் திறக்கும் என்று சந்துக்குத் தெரியும். வடிவுக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அரைமணி நேரத்துக்குள் சந்து மொத்தமும் பச்சைக் கதவுக்கு வந்து போயிற்று. ஒருத்தி மீன் குழம்பு கொண்டுவந்து வைத்தாள். ஒருத்தி வந்து, துணி காயப்போடுகிற கொடியில் எந்த ஆணி யாருடையது என்று ஜனவரி மாதத்தில் பாதியில் நின்றுபோன சண்டையை விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். வடிவு சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டே, கிழக்குப் பக்கத்து ஆணி என் மாமியார் காலத்து ஆணி என்று சரியாகப் பதில் சொன்னாள், அதையும் மெட்ராஸ் பேச்சில் சொன்னாள். தவணை தள்ளிப்போட்ட வழக்கைப்போல நாலு மாசத்துச் சண்டையும் சிரிப்பும் துக்கமும் அந்தச் சந்தில் அவளுக்காகக் காத்துக் கிடந்தன, ஒவ்வொருவராக வந்து அவரவர் பங்கை இறக்கிவைத்துவிட்டு இலேசாகப் போனார்கள். சுவரில் சட்டம் போட்ட கல்யாணப் போட்டோ ஒன்று தொங்கியது. புஷ்பம் முதலில் பார்த்தபோது அதில் இருந்தது வேறு யாரோ ஒரு பெண். சாயங்காலம் புறப்படும்போது பார்த்தால் அதற்கு வடிவின் தாடை வந்திருந்தது.

புறப்பட்டாள் என்றா சொன்னேன்? கெஞ்சினாள், கத்தினாள், கையைப் பிடித்து இழுத்தாள், அழுதாள், அதற்கப்புறம்தான் புறப்பட்டாள். வடிவு கையை விடுவித்துக்கொண்டு, யாரோ வழி தவறி வந்த பொம்பளையிடம் பேசுகிற மாதிரி, எந்த ஊரும்மா உனக்கு, லாட்ஜுக்கு எப்டிப் போவணும்னு தெரியுமா என்று இரக்கமாகக் கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

புஷ்பம் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே இருந்த ஏட்டு நிதானமாகக் கேட்டுவிட்டு, எந்தச் சந்து, கோணிக்காரச் சந்தா, எதைத் தூக்கினாங்க, குடமா என்று மட்டும் விசாரித்தார். புகார் எழுதவில்லை. தனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த ஏட்டு ஒரு செயின் திருடனைத் துரத்திக்கொண்டு அந்தச் சந்துக்குள் போனதையும், வழியில் சாய்ந்த வெங்காயத் தராசை நிமிர்த்தி வைத்ததையும், இப்போது அங்கே நல்ல வெங்காயம் அவரிடம்தான் கிடைக்கிறது என்பதையும் சொல்லி, நீங்க எதையும் தொடலையே என்று புஷ்பத்தின் கையைப் பார்த்தார். புஷ்பம் தன் கையைத் தானும் பார்த்துக்கொண்டாள். காலையில் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி வடிவு கொடுத்திருந்த அவள் போன் புஷ்பத்தின் மடியில் அடித்தது. கோமதி. அம்மா எங்கே சித்தி என்றாள். குளிச்சிட்டு இருக்கா மக்கா என்று புஷ்பம் சொன்னாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பிள்ளையிடம் அவள் சொன்ன முதல் பொய்.

புதன்கிழமை விடிந்ததும் விடியாததுமாகச் சந்துக்குள் போய் நின்றவளைப் பச்சைக் கதவுக்கு எதிரே இஸ்திரி வண்டி போட்டிருந்தவர் கூப்பிட்டார். அவர்தான் அஞ்சலையின் புருஷன் ஏகாம்பரம் என்று நேற்றே சந்து சொல்லியிருந்தது, புஷ்பம் அவரைப் பார்க்கிற பார்வையிலேயே சட்டை கருகியிருக்கும். அவர் கரியை ஊதிக்கொண்டே, மொறைக்காதம்மா, நா ராத்திரி இந்த வண்டிக்கு அடியிலதான் படுத்தேன் என்றார். பிறகு கரிப்பெட்டியைக் கீழே வைக்காமலே மீதியையும் சொன்னார்.

"ஏகாம்பரமே நா இல்லம்மா. அரூர்லேருந்து லைட்ஹவுஸ் பாக்க வந்தவன். இந்த வண்டிக்காரர் எங்கயோ போயிருந்தாரு, பெட்டி சட்ட மேல குந்திக்கினு பொகையுது. யார் சட்டயோ, பாவமேன்னு தூக்கி வெச்சேன். பதினாறு வருசம் ஆச்சி. என் சொந்தப் பேரு ஒத்தெழுத்து ஞாபகம் இல்ல."

அந்தச் சந்தில் பிறந்தவர் என்று யாரும் இல்லையாம். தையல்காரர் காரைக்குடியிலிருந்து கடல் பார்க்க வந்தவர், மிஷின் தானாக ஓடுகிறதே என்று மிதியில் கால் வைத்து நிறுத்தினார். பூக்காரி சோளிங்கர், அவிழ்ந்து கிடந்த சரத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டாள். பஞ்சர் ஒட்டுகிறவன் நெல்லூர்க்காரன், அவனுக்கு இப்போது தெலுங்கு மறந்துவிட்டது. எல்லோரும் பட்டணம் பார்க்க வந்தவர்கள், எல்லோரும் ஒரே ஒரு தடவை பாவம் பார்த்தவர்கள். சந்தில் ஒரு இடம் காலியானால் அது காலியாகவே நிற்கும், பார்க்க வந்தவன் எவனாவது கை வைத்ததும் நிறைந்துவிடும். முதல் அஞ்சலை மஞ்சள் காமாலையில் போனாள். இரண்டாவது அஞ்சலை வேலூரிலிருந்து பொருட்காட்சி பார்க்க வந்தவள், ஒன்பது வருஷம் இருந்துவிட்டு ஜனவரியில் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. வடிவு மூன்றாவது. இதில் சந்துக்காரர்களுக்கு வருத்தமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. ஊர் என்றால் வேறு எப்படி உண்டாகும் என்பதுதான் அவர்கள் எண்ணம்.

திரும்பிப் போக வழியே இல்லையா என்று புஷ்பம் கேட்டாள். அவர் மடித்த சட்டையை அடுக்கிவிட்டு, வழி இருக்கிறது, யாரும் இங்கே கட்டிவைக்கவில்லை என்றார். "மூணு தண்ணி புடிக்கறதுக்குள்ள, கொடத்த வுட்டுட்டு வரிசையிலேருந்து வெளிய வந்துட்டா போதும். மூணாந்தண்ணி ரொம்பிட்ச்சின்னா அப்புறம் பெத்த தாயே கூப்ட்டாலும் திரும்ப மாட்டாங்க. வெளிய வர்றதுல கஷ்டம் ஒண்ணும் இல்ல. ஆனா தண்ணி வண்டி சத்தம் கேட்டப்பறம் வரிசைய வுட்டுக் குடுத்த பொம்பளைய இந்தப் பதினாறு வருசத்துல நா பாத்தது இல்ல." அதோடு இன்னொன்றும் சொன்னார். சந்து உன்னையும் பார்த்துக்கொண்டிருக்கிறது, உன் கையும் உதவுகிற கை மாதிரி இருக்கிறது, அதை எங்கேயாவது செருகிக்கொள் என்றார்.

புஷ்பம் இரண்டு கையையும் இரண்டு அக்குளில் செருகிக்கொண்டாள். அதிலிருந்து ஆரம்பித்தது அவள் பாடு. சந்து சும்மா இருக்குமா? வடை போடுகிறவளுடைய சாரணிக் கரண்டி அவள் காலடியில் வந்து விழுந்தது. ஒரு பெரியவர் ஊன்றுகோலைத் தவறவிட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். நனைத்த போர்வையைத் தனியாகப் பிழிய முடியாமல் ஒருத்தி ஒரு முனையை அவளிடம் நீட்டிக்கொண்டே நின்றாள், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் அவள் கால் மேல் விழுந்தது. தீ மிதிக்கிறவன்கூட அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டான். ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் கேட்காமலே முன்னால் போன கைகள், அக்குளுக்குள் கிடந்து துடித்தன, அவள் விலா எலும்பை இடித்தன. அவள் மாதாவே மாதாவே என்று பல்லைக் கடித்தாள். எங்கேருந்து வந்தாளோ, திமிரு புட்சவ என்று சந்து பேசிற்று. வடிவும் அதைச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

அன்றைக்கும் லாரி வந்தது. வடிவு வரிசையில் நின்றாள். புஷ்பம் பக்கத்திலேயே நின்று, கையை எடுக்காமல், கோமதியைச் சொன்னாள், செத்துப்போன புருஷனைச் சொன்னாள், பள்ளிக்கூடத்து அடுப்பைச் சொன்னாள், தட்டில் முட்டை போடும்போது பிள்ளைகள் போடுகிற சத்தத்தைச் சொன்னாள். வடிவு எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள், நல்ல கதை கேட்கிறவள் போல. இரண்டாம் தண்ணீர் நிரம்பிற்று. குடத்தை இடுப்பில் ஏற்றும்போது வடிவின் கழுத்தில், பதினாலு வருஷமாக ஒன்றும் இல்லாத கழுத்தில், மஞ்சள் கயிறு ஒன்று கிடந்ததைப் புஷ்பம் பார்த்தாள். போய்ப் போட்டோவைப் பார்த்தால் அதில் நின்றது முழுக்க வடிவு.

வியாழக்கிழமை ராத்திரி ஏழரைக்கு ரயில். காலையில் லாட்ஜைக் காலி பண்ணி இரண்டு பையையும் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டு புஷ்பம் சந்துக்கு வந்தாள். அன்றைக்கென்று லாரி பதினொன்றுக்கு வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. வராமலே போய்விட்டால் என்ன என்று நெஞ்சில் ஒரு குளிர்ச்சி தட்டிற்று; வராவிட்டால் இந்த ஜனம் எதைக் குடிக்கும் என்று உடனே தோன்றியதும் தன் மேலேயே கோபமும் வந்தது. வடிவு தன் குடத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஆணிச் சண்டைக்காரியோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்துப் புஷ்பம் பார்த்ததில்லை. புருஷன் போனதிலிருந்து அவள் வந்தாளா போனாளா என்று கேட்க ஊரில் ஒரு மகளும் ஒரு புஷ்பமும்தான். இங்கே ஒரு சந்தே நாலு மாசம் அவள் குடத்தை நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறது. இந்த நினைப்பு வந்தபோதுதான் புஷ்பத்துக்கு உண்மையான பயம் வந்தது. கட்டிவைத்திருந்தால் அவிழ்த்துவிடலாம். விரும்பி உட்கார்ந்திருப்பவளை என்ன செய்ய?

ஒன்றே காலுக்கு லாரியின் ஹாரன் கேட்டது. சந்து எழுந்து நின்றது. அதே நேரத்தில் மடியில் போனும் அடித்தது. புஷ்பம் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் வேன் சத்தம், யாரோ பொம்பளைகள் பேசுகிற சத்தம், நடுவில் கோமதி. தண்ணிக்குடம் உடஞ்சிட்டு சித்தி, திருச்செந்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாவ, அம்மாகிட்ட குடுங்க, ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க என்று சொல்லச் சொல்ல வலி வந்து அந்தப் பிள்ளை அம்மா அம்மா என்று அலறியது. புஷ்பம் போனை வடிவின் காதில் கொண்டுபோய் வைத்தாள்.

வடிவு கேட்டாள். முழுக்கக் கேட்டாள். அவள் கண் கலங்கியது. வரிசை ஒரு குடம் நகர்ந்தது, அவளும் குனிந்து தன் குடத்தை நகர்த்தினாள். பிறகு நிமிர்ந்து புஷ்பத்திடம் சொன்னாள்:

"பாவம், தலப்பிரசவம் போலக்குது. அவங்க ஆத்தாவ இட்டாரச் சொல்லும்மா."

புஷ்பம் போனை அணைத்தாள். வடிவுக்கு முன்னால் இரண்டு குடம் இருந்தது. வாளா வடிவு என்றாள், ஒரே ஒரு அடி எடுத்து வெளியே வை, ஒரே ஒரு அடி, உன் காலில் விழுகிறேன் என்றாள். வடிவு, இருக்கறதே ரெண்டு கொடம், புடிச்சிட்டு வந்துர்றேன், அப்புறம் என்னான்னு பேசலாம் என்றாள். முன்னால் ஒரு குடம் ஆயிற்று. பிறகு வடிவின் நீலக்குடம் குழாயடிக்குப் போயிற்று. தண்ணீர் விழுகிற சத்தம் முதலில் கனமாக இருந்தது, குடம் நிறைய நிறைய மெலிந்துகொண்டே வந்தது. தண்ணீர் பிடித்த எந்தப் பெண்ணுக்கும் அந்தச் சத்தம் தெரியும், குடம் கழுத்துக்கு வந்தாயிற்று, இன்னும் இரண்டு விரற்கடைதான் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். புஷ்பத்துக்கும் தெரிந்தது. கையால் அந்தக் குடத்தைத் தொட்டால் நாலாவது அஞ்சலை அவள்தான், பிறகு கோமதிக்கு இரண்டு பேருமே இல்லை.

புஷ்பம் காலைத் தூக்கி ஒரு எத்து எத்தினாள்.

குடம் உருண்டது. அவ்வளவு தண்ணீரும் சந்தில் ஓடிற்று, வெயிலில் காய்ந்து கிடந்த சிமெண்டு அதை உஸ்ஸென்று குடித்தது. அந்தச் சந்தில் கொலை நடந்திருக்கிறது, தீப்பிடித்திருக்கிறது, ஆனால் குடிக்கிற தண்ணீரை ஒருத்தி காலால் எத்தி அவர்கள் பார்த்ததில்லை. மீன் குழம்பு கொண்டுவந்தவள் ஓரத்து மண்ணை வாரித் தூற்றினாள். தையல்காரர் கத்தரிக்கோலோடு எழுந்து வந்துவிட்டார். அவர்களுக்கெல்லாம் முன்னால் வடிவின் கை வந்தது, புஷ்பத்தின் கன்னத்தில் பளீரென்று ஒரு அறை.

"நாசமாப் போறவளே! குடிக்கத் தண்ணியளா! காலாலயா எத்துத? ஒரு பச்சப்புள்ள குடிக்கத் தண்ணியக் காலால எத்துற அளவுக்கு ஒனக்கு என்னளா வந்து தொலஞ்சிட்டு?"

உடன்குடிப் பேச்சு. ஒரு எழுத்து பிசகவில்லை. கோபம் அவளுடைய சொந்த வாயில்தான் வந்தது, இரவல் வாய் அதற்குப் போதவில்லை. புஷ்பம் கன்னத்தைத் தடவக்கூடக் கையை எடுக்கவில்லை. "ஆமாளா, நாசமாப் போறவதான். இன்னும் நாலு சாத்து. நடந்துகிட்டே சாத்து. கோமுக்கு வலி எடுத்துட்டு" என்று சொல்லிக்கொண்டே பின்வாங்கி நடந்தாள். வடிவு அடிப்பதற்காக ஒரு அடி வெளியே வைத்தாள். இன்னொரு அடி வைத்தாள். வரிசைக்கு வெளியே வந்து நின்று, ஆருக்கு வலி என்றாள். சந்து பின்னால் ஏசிக்கொண்டே வந்தது, மண்ணும் செருப்பும் வந்து விழுந்தன. இஸ்திரிக்காரர் வண்டியைக் குறுக்கே இழுத்து நிறுத்தி, போவட்டும் வுடுங்க என்று சந்தைத் தடுத்தார். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். திரும்பிப் பார்த்திருந்தால் காலியான குடத்தை யாரோ காலால் தள்ளி வரிசையில் நிறுத்துவதைப் பார்த்திருப்பார்கள்.

ரயில் திண்டிவனம் தாண்டும்போது பேத்தி பிறந்துவிட்டாள் என்று போன் வந்தது. வடிவு மகளோடு பேசினாள், அழுதாள், சிரித்தாள். மஞ்சள் கயிற்றைக் கழற்றித் தாளில் மடித்து வைத்தாள். புஷ்பத்தோடு மட்டும் பேசவில்லை. விடிய விடியப் பேசவில்லை, ஊர் வந்தும் பேசவில்லை. அந்தச் சந்தில் அன்றைக்கு ராத்திரி ஏகாம்பரத்துக்குச் சோறு வடிக்கத் தண்ணீர் இல்லை என்று ஜன்னலைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொன்னாள்.

பட்டணம் எப்படி இருந்தது என்று ஊர் கேட்டது. நல்லாருந்து, வெயில் ஜாஸ்தி என்று புஷ்பம் சொன்னாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது, வடிவு மகளைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டாள், வேறொரு பெண் உதவிக்கு வந்தாள். முதல் நாளே சோறு வெந்து அந்தப் பெண் அக்கா ஒரு கை பிடிங்க என்றபோதுதான் தெரிந்தது, புஷ்பத்தின் கை அக்குளை விட்டு எழவில்லை. கரண்டி பிடிக்கும், காய் நறுக்கும், தன் வேலை எல்லாம் செய்யும். இன்னொருத்தர் கேட்டால் மட்டும் தானாகப் போய்ச் செருகிக்கொள்ளும். பட்டணம் போய்ட்டு வந்த மிடுக்கு என்று கொஞ்ச நாள் ஊர் பேசிற்று. பிறகு பழகிவிட்டது. தலைமை ஆசிரியர் கொத்தனாரை வைத்து அடுப்போடு சேர்த்து ஒரு மேடை கட்டி, அண்டாவை ஒருத்தியே இழுத்து நகர்த்தும்படி செய்துகொடுத்தார். தண்ணீர்க் குழாயடியில் அவளைக் கண்டால் பெண்கள் வேறு யாரையாவது கூப்பிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டார்கள். ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. புஷ்பம்தான் ஜெபம் சொல்லும்போது கை குவிகிறதே, மற்றதற்கு ஏன் வரவில்லை என்று பாதி ஜெபத்தில் எழுந்து போய்விடுவாள்.

பிள்ளை பிறந்து நாற்பத்தொன்றாம் நாள் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து புஷ்பம் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். வடிவு வந்தாள். துண்டில் சுற்றிய பிள்ளை நெஞ்சோடு இருந்தது. வா என்றும் சொல்லவில்லை, வந்தேன் என்றும் சொல்லவில்லை. வடிவு நேரே அவள் முன்னால் வந்து பிள்ளையை நீட்டினாள். விளக்குமாறு கீழே விழுந்தது, புஷ்பத்தின் கைகள் போய் அக்குளில் செருகிக்கொண்டன. பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவில் அந்தரத்தில் கிடந்து காலை உதைத்தது. வடிவு கையை மடக்கவில்லை.

"வராது வடிவு. அந்தச் சந்தில இருந்தே வர மாட்டேங்கு."

"தெரியும். ஊரே சொல்லுது." வடிவு பிள்ளையை இன்னும் முன்னால் நீட்டினாள். "அங்க ஒன் கை சும்மா கெடந்ததுனாலதான்ளா இது இப்பம் என் கையில கெடக்கு. நான் புடிச்சிக்கிட்டே இருக்க மாட்டேன். விடப் போறேன். புடி."

விடவும் செய்தாள். ஒரு விரல், இரண்டு விரல் என்று அவள் பிடி தளர்வதைப் புஷ்பம் பார்த்தாள். தூக்கினவர்கள் தூக்கினதற்கே சொந்தமாகிப்போவார்கள் என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? தெரிந்துதான் கையை எடுத்தாள். வியர்த்துப்போன இரண்டு கையும் வந்து பிள்ளையை வாங்கின. மூன்றரைக் கிலோ இருக்கும்.